ஆகஸ்டில் கட்டிய மார்ச் நூல்

"ஏண்டி இலிங்கா, உங்கம்மாவுக்கு மொத்தம் எத்தனை பொண்ணுங்க?" என்று பக்கத்து வீட்டு வாசிலிசா அக்கா கேட்டாள். பெற்றது என்னை மட்டும்தான். ஆனால் எங்கள் காகுல் ஊரில் பாதிப் பெண்கள் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

என் அம்மா அக்ரிபினா முன்பு தையல் ஆலையில் இருந்தாள். பக்கத்து மெஷினில் தைத்தவள் வெளிநாட்டு வேலையை நம்பிப் போனாள். அங்கே அவளை விற்றுவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கு இதுதான் வேலை. புறப்படும் பெண்களை எச்சரிப்பாள். தப்பி வந்தவர்களோடு கோர்ட்டுக்குப் போவாள். என் பள்ளி விழாவன்று யாருக்காவது வழக்கு இருக்கும்.

காப்பகத்தில் வளர்ந்த ஒலேசியா எங்கள் வீட்டில் தங்க வந்தாள். என் கட்டில் அவளுக்குப் போனது. மார்ச் முதல் நாள் எங்கள் ஊரில் எல்லோரும் கையில் கட்டிக்கொள்ளும் சிவப்பு வெள்ளை நூலை, எனக்குச் சந்தையில் வாங்கினாள் அம்மா. ஒலேசியாவுக்குத் தன் கையாலேயே முறுக்கினாள். மாதக் கடைசியில் நூலை மரத்தில் கட்டும்போதுகூட, செர்ரி மரத்தில் ஒலேசியா எனக்கு மேல் கிளையைப் பிடித்துக்கொண்டாள்.

கோடையில் கடலோர ஹோட்டல் வேலைக்குப் போனாள். அம்மா விசாரித்துத்தான் அனுப்பினாள். போனில் "நல்லா இருக்கேம்மா" என்பாள். ஆகஸ்டில் ஒரு படம் வந்தது.

"எப்படிச் சிரிக்கிறா பாரு" என்றாள் அம்மா.

நான் சிரிப்பைப் பார்க்கவில்லை. என் நீல ஸ்வெட்டரை எடுத்துப் போயிருக்கிறாளா என்று படத்தைப் பெரிதாக்கித் தேடினேன். மணிக்கட்டில் சிவப்பு வெள்ளை நூல்.

"உன் செல்ல மக ஆகஸ்ட்லயும் உன் நூலைக் கட்டிக்கிட்டு மினுக்குறா."

அம்மா போனைப் பிடுங்கினாள். "அதை மரத்துல கட்டலையா அவ?"

"கட்டினா. எனக்கு மேல. இன்னும் அங்கதான் தொங்குது."

அப்படியென்றால் இது புதிது. துண்டுத் துணியிலிருந்து உருவியது போலப் பிசிறாக இருந்தது. வாயால் சொல்ல முடியாததை நூலால் சொல்கிறாள் என்று அம்மாவுக்குப் புரிந்தது. அம்மா அப்போதே அந்த ஊரிலிருக்கும் தன் தோழிகளை அழைத்தாள். அவர்கள் போலீஸோடு போனார்கள். ஒலேசியாவின் பாஸ்போர்ட் ஒருவனிடம் இருந்தது. அவள் போன் பேசும்போதெல்லாம் அவன் பக்கத்திலேயே நின்றிருக்கிறான்.

திரும்பி வந்தவளை அம்மா கட்டிப்பிடித்தபோது, எனக்கு அப்போதும் வயிறு எரிந்தது.

"கண்டுபிடிச்சது இலிங்கா" என்றாள் அம்மா.

"தெரியும்மா" என்றாள் ஒலேசியா. "என் உடம்புல ஒரு நூல் கூடினாலும் அவ கண்ணுக்குத் தப்பாது."

கட்டில் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.

வெளியூருக்குப் பெண்ணை அனுப்பிய வீடுகளுக்கு இதைச் சொல்லுங்கள். அவள் அனுப்பும் படத்தில் சிரிப்பை மட்டும் பார்க்க வேண்டாம். பாசத்தோடு பார்க்க முடியாவிட்டால் பொறாமையோடாவது உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்.