மீதி வாக்கியம்

பண்டாரவளையில் என் மகளின் வகுப்புப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் சிங்கள வாக்கியத்தை ஒருத்தி படித்துவிட்டு ஓடிவந்து சொல்ல, கூட்டாளி எழுதுகிறாள். அந்தக் காலடிச் சத்தத்தில் என் பள்ளித் தோழி காமாட்சி நினைவில் வந்துவிட்டாள்.

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளியிலும் இதே சொல்வதெழுதுதல்தான். அவள் ஓடுவாள், நான் எழுதுவேன். குடும்பத்தோடு இலங்கையை விட்டு ஒரேயடியாக இந்தியாவுக்குப் போகிற அன்றைக்கும் ஓட வந்திருந்தாள்.

"மூச்சு வாங்குறதையும் எழுதவாடி? வார்த்தையச் சொல்லு!" என்றேன்.

"எழுதுடி கழுத!"

பாதிதான் சொன்னாள். வாசலில் அவள் அப்பா வந்து நின்றார். "வா தாயி, லொறி நிக்குது."

"மீதி என்னடி?"

"செவுத்துல இருக்கு, போய்ப் பாரு." அழுதுகொண்டே போய்விட்டாள்.

சுவர் பக்கத்தில்தான் இருந்தது. அவள் வந்து சொல்வாள் என்று மணி அடிக்கும்வரை பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன்.