ஒன்பது பத்துக்கு எரியும் பச்சை

முதல் எழுத்தைத் தப்பாக அடிக்கிறது. நிற்கிறது. அழிக்கிறது. பிறகு சரியாக அடிக்கிறது. திரையைப் பார்த்துத் தலையாட்டுகிறார், நாங்கள் 'சாவிக்கொத்து' என்று கூப்பிடும் மனிதர். கை கீபோர்டில் இல்லை. அடிப்பதெல்லாம் அவர் எழுதிய கணினி நிரல்.

எங்கள் அலுவலகத்தில் தினமும் காலையில் நாற்பது இணையதளங்களுக்குள் நுழைய வேண்டும். இரண்டு பேர் விரல் தேய அடித்த வேலை அது. இவர் வந்து அதற்கு முழுக்குப் போட்டார், நாற்பது பூட்டையும் திறப்பவர் என்று அந்தப் பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. நல்ல மனிதர், பேச்சில்தான் கஞ்சம். பக்கத்து நாற்காலியில் பையை வைத்திருப்பார்; மேலாளரே வந்தாலும் எடுக்கமாட்டார்.

"எதுக்கு சார் தப்பா அடிக்க வைக்கிறீங்க?"

"சரசரன்னு அடிச்சா மிஷின்னு கண்டுபிடிச்சு கதவைச் சாத்திடும். மனுஷன்னா கொஞ்சம் தடுமாறணும்ல?"

அது இறந்துபோன தங்கையின் தடுமாற்றம் என்று பிறகுதான் சொன்னார். முதல் எழுத்தை எப்போதும் தப்பாக அடித்து, "ச்சே" என்று நாக்கைக் கடித்துக்கொள்வாளாம். மூன்று வருடமாகிறது.

அம்மாவுக்கு மறதி நோய். மகள் வெளியூரில் வேலை பார்ப்பதாக நினைப்பு. இரண்டு முறை இவர் உண்மையைச் சொன்னார். இரண்டு முறையும் இன்றுதான் செத்தாள் என்பதுபோல் அம்மா கதறினார். "மூணாவது தடவை என்னால முடியாதுங்க." அதனால் தினமும் காலை ஒன்பது பத்துக்கு நிரல் தங்கையின் அரட்டைக் கணக்கையும் திறக்கும். அம்மாவின் போனில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். அதைப் பார்த்தால்தான் அம்மா சாப்பிட உட்காருவார்.

போன வாரம் அவர் கணினி பழுதுக்குப் போனது. நாற்பதையும் வேறு கணினிக்கு மாற்றியவர் இந்த ஒன்றை மறந்துவிட்டார். பத்தரைக்குத்தான் உறைத்தது. பதறிப்போய் போன் போட்டார்.

"சாப்ட்டியாம்மா?"

"அப்பவே ஆச்சுடா. அவதான் கரெக்டா வந்துட்டாளே!"

முகம் வெளுத்துவிட்டது அவருக்கு. தங்கையின் கணக்கில் எப்போது நுழைந்தார்கள் என்று காட்டும் பதிவைத் திறந்தார். ஒன்பது பத்து. முதல் முயற்சி தவறு, இரண்டாவது சரி. நானும் எட்டிப் பார்த்தேன்.

"எவனோ திருடியிருக்கான் சார். பாஸ்வேர்டை மாத்திடுங்க."

"மாத்திட்டா அவ எப்படி உள்ள வருவா?"

மறுநாள் அவர் அந்த நிரலை ஓடவிடவில்லை. போனை எதிரே வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகி உட்கார்ந்திருந்தார். ஒன்பது ஒன்பது. ஒன்பது பத்து.

பச்சை எரிந்தது.

அவர் எழுந்து, பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தார்.