பொட்டு வைத்த லைசென்ஸ்

வங்காளத்துப் பெஹாலாவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்ட காலம் அது. எல்லாவற்றிலும் ஓடியது தெருமுனையில் விற்ற திருட்டு சி.டி.தான். ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் காசு கொடுத்து வாங்கிய ஒரே பிரகஸ்பதி என் வீட்டுக்காரர்.

"லைசென்ஸ் இல்லாம ஓட்டினா அது திருட்டுடி" என்பார். கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் வெள்ளி மாதிரி மின்னும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. லைசென்ஸ் நம்பர் அதில்தான் இருந்தது, வேறெங்கும் கிடையாது. வீட்டுக்கு யார் வந்தாலும் நான் காபி கலப்பதற்குள் இவர் ஸ்டிக்கரைக் காட்டிவிடுவார். வந்தவர்கள் பாவம், தலையாட்டுவார்கள்.

மத்திய அரசில் தணிக்கை வேலை அவருக்கு. பேப்பர் சரியாக இருந்தால் பாஸ், இல்லையென்றால் கடவுளே வந்தாலும் கையெழுத்து கிடையாது. ஒருமுறை எங்கேயோ ஒரு மாவட்டத்தில் கட்டிய பாலத்தின் கணக்கைப் பார்த்துவிட்டு, எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருக்கிறது என்று வீட்டில் வந்து பூரித்துப்போனார்.

"பாலத்தைப் போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"பேப்பரைப் பாக்கறதுதான் என் வேலை. பாலத்தைப் பாக்கறது என் வேலை இல்ல" என்றார்.  

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன். ஊரே துர்கா பூஜை நவமியில் மேளம் கொட்டிக்கொண்டிருக்கும்போது, எங்கள் வீட்டில் இவர் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். பொட்டு வைக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு நெற்றி எது? இவர் யோசித்து முடிவு செய்த இடம் அந்த ஸ்டிக்கர்.

"அது மேல வேண்டாங்க. பக்கத்துல வைங்களேன்."

"அதுதானேடி இதுக்கு முகம்? முகத்துல வைக்காம முதுகிலயா வைப்பாங்க?"

குழைத்த சந்தனம், நடுவில் குங்குமம். தை மாசிவாக்கில் வங்காளிகளின் சரஸ்வதி பூஜை வரும். கல்விக் கடவுளாயிற்றே, விடுவாரா? அதற்கும் ஒரு பொட்டு. புதுப் பொட்டு வைக்குமுன் பழையதை ஈரத்துணியால் அழுத்தித் தேய்ப்பார். சுத்தம் பார்க்கிற மனிதர்.

கடைசியில் சென்னைக்கு மாற்றல் வந்தது. கம்ப்யூட்டரை விற்றுவிடலாம் என்றார். வாங்க வந்தவர்களிடம் எடுத்த எடுப்பில் லைசென்ஸைப் பற்றி விளக்கவுரை.

"ஒரிஜினலா? எதுக்கு தாதா அதெல்லாம்? கேம் இருக்கா?" என்றார் ஒருவர். தாதா என்றால் அங்கே அண்ணன். இவர் முகம் சிவந்துவிட்டது. அந்த ஆளுக்குப் பெட்டியைக் கொடுக்க மாட்டேன் என்று உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் மேல்மாடி தீதி, நம் ஊர்க் கணக்கில் அக்கா, வந்தாள். அவள் வீட்டுக்காரர் வேலை பார்த்த சணல் ஆலை மூடிக் கிடந்தது. சால்ட் லேக்கில் ஒரு கம்பெனி, வீட்டிலேயே டைப் அடித்துத் தரும் வேலை கொடுப்பதாகச் சொல்லியிருந்தது. சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும், அதில் ஒரிஜினல் லைசென்ஸ் வேண்டும், ஆள் வந்து பார்த்துவிட்டுத்தான் வேலை. உலகத்திலேயே இவருடைய ஸ்டிக்கர் தேவைப்பட்ட முதல் ஜீவன்! மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கேயே பேசி முடித்துவிட்டார்.

ஆபீஸ் சமாசாரம் ஒரு எழுத்துகூட வெளியே போகக்கூடாது என்று, லேக் மார்க்கெட் பக்கமிருந்து மெக்கானிக்கை வரவழைத்து உள்ளே இருந்ததை எல்லாம் சுத்தமாக அழிக்கச் சொன்னார். ஒரிஜினல் சி.டி.யைப் போட்டு மறுபடி ஏற்றும்போது, திரை லைசென்ஸ் நம்பரைக் கேட்டது.

இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜம்பமாகக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. சந்தனத்தைச் சுரண்டினால், அதோடு எழுத்தும் சேர்ந்து வந்தது. மிச்சம் இருந்ததே ஒரு பி, ஒரு ஏழு, நிறைய பக்தி.

லைசென்ஸ் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டார். ஸ்டிக்கரில் இருக்கும் நம்பரைப் படிக்கச் சொன்னார்கள். "நம்பர் இல்லை, பொட்டு இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் ஆயுத பூஜையை விளக்க ஆரம்பித்தார். நம்பர் போனால் போனதுதான், புதிதாக வாங்குங்கள் என்று வைத்துவிட்டார்கள். வாங்கவும் இவர் தயார்தான். ஆனால் ஆர்டர் போட்டு வரவழைக்கப் பத்து நாளாகும் என்றார் கடைக்காரர். சால்ட் லேக் ஆள் வருவதோ மறுநாள் காலை.

தீதி எங்கள் சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இந்த வேலையும் போச்சுன்னா நான் என்ன செய்வேன் பௌதி?" என்று அண்ணி முறை வைத்து அழைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

மெக்கானிக் பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்தார். "தாதா, இது நம்பரே கேக்காது."

இவர் எழுந்து பால்கனிக்குப் போய் டிராமைப் பார்த்துக்கொண்டு நின்றார். "போடுங்க" என்றேன் நான்.

மறுநாள் மேல்மாடியில் எல்லோரும் கூடினோம். டை கட்டிய ஒருவர் வந்து, "லைசென்ஸ்?" என்றார். தீதி பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். குனிந்து ஸ்டிக்கரைப் பார்த்தார், ஓரத்தில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்தார், கையை நெற்றியில் வைத்து ஒரு கும்பிடு போட்டார். சரி என்று குறித்துக்கொண்டார்.

அதோடு விட்டதா சனி? "ஒரு நிமிஷம்" என்றார் என் வீட்டுக்காரர். "ஸ்டிக்கர் ஒரிஜினல். உள்ளே ஓடறது திருட்டு."

தீதிக்கு முகம் வெளுத்துவிட்டது. அடப்பாவி மனுஷா! கையில் பூரிக்கட்டை இருந்திருந்தால் அன்றைக்கு என்னவாவது நடந்திருக்கும்.

வந்தவர் பேனாவை நிதானமாக மூடினார். "தாதா, ஸ்டிக்கரைப் பாக்கறதுதான் என் வேலை. உள்ளே பாக்கறது என் வேலை இல்ல."

சந்தேஷ் இனிப்பு சாப்பிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். தீதி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அடக்க முடியாமல் சிரித்தும் தொலைத்தேன்.  இவர் நேரே கடைக்குப் போய்ப் புது லைசென்ஸுக்குப் பணம் கட்டி, வந்ததும் தீதியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

சாமான் கட்டி முடித்தோம். ஹவுராவில் ரயில் ஏறினோம். கரக்பூர் தாண்டிய பிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இவர் மெதுவாகக் கேட்டார்:

"ஏண்டி, அந்தப் பாலம் நிஜமாவே இருக்குமா?"