ஃபோனுக்குள் நான் ஆட்டிய எண்ணெய்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கை காயும் முன்னே, என் மகள் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு வீட்டைப் பார்க்கச் சொன்னாள். ஏரிக்கரையில் ஓட்டு வீடு. வாசலில் ஒரு மரம். பெரிய ஜன்னல். அவளோடு வேலை பார்க்கும் யாருடைய ஊர் வீடோ என்று நினைத்தேன். இல்லையாம், அவள் விளையாடுகிற விளையாட்டுக்குள் இருக்கிற வீடாம். அதை வாங்க வேண்டும் என்றாள்.

வேறொரு வீட்டில் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாராவியில் எங்களுக்கு இருப்பது ஒரே அறை, அதற்கு மேல் ஏணி வைத்து ஏறுகிற ஒரு சின்ன மாடி. ஜன்னல் என்று ஒன்று உண்டு. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டும். பிறந்ததிலிருந்து இருபத்து மூன்று வருடமாக என் மகள் அந்தச் சுவரைத்தான் பார்த்து வளர்ந்திருக்கிறாள். பொய் வீடாகவே இருந்தாலும் அதில் ஒரு ஜன்னல் வேண்டும் என்று அவள் கேட்டபோது, அது என்ன பெரிய ஆசை என்று எனக்குத் தோன்றியது.

விவரம் கேட்டேன். அந்த விளையாட்டில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் உலவுகிறார்கள். அதற்குள்ளேயே ஒரு சந்தை, அதற்கென்று தனிக் காசு. நம் ரூபாயில் ஒரு பைசா போடக் கூடாது என்று முருகன் படத்துக்கு முன்னால் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஏரிக்கரை வீடுகள் பன்னிரண்டு. சீசன் முடிகிற ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு ஏலம். அதற்கு ஆறு வாரம் இருந்தது. போன தடவை கடைசி வீடே இரண்டு லட்சம் காசுக்குப் போனதாம். அவளிடம் இருந்தது நாற்பதாயிரம்.

அவள் காலையில் செம்பூருக்கு ஆபீஸ் போனால் ஏழு மணிக்குத்தான் திரும்புவாள். நானோ வீட்டிலேயே இருக்கிறவள். தைத்து வருகிற சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டிக் கொடுப்பது என் வேலை. மழை மாதங்களில் சரக்கு குறைவாக வரும். "நீ சும்மாதானம்மா இருக்க, எனக்காகச் செஞ்சு வித்துக் குடேன்" என்று தன் பழைய ஃபோனில் எனக்கென்று தனியாக ஓர் ஆள் பொம்மையும் போட்டுக் கையில் கொடுத்தாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் தொட்டேன்.

அதில் ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாள் அடிக்கலாம், தோல் கவசம் தைக்கலாம், விளக்கு செய்யலாம். ஆயுதம் செய்ய மனசு ஒப்பவில்லை. தோல் வேண்டவே வேண்டாம். என் வீட்டுக்காரர் முப்பது வருடமாகத் தோல் பட்டறையில் பை தைக்கிறார், அந்த வாடை வீட்டுக்கு ஒன்று போதும். விளக்கு என்றதும் மங்களகரமான தொழில் என்று அதில் இறங்கிவிட்டேன். ஒரு வாரத்தில் நாற்பது பித்தளை விளக்கு செய்தேன். மூன்று விற்றது. அதுவும் பித்தளை வாங்கிய காசுக்குக் குறைவாக.

வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "ஏளா, வெளக்கு வாங்குனவன் இன்னொரு வெளக்க எதுக்கு வாங்கப் போறான்? தீந்து போற சாமானப் பாத்துச் செய்யி" என்றார்.

பிறகு கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பர்ஸ் தைத்துத்தான் கை பழகுவார்கள். அதனால் பர்ஸ் மலையாகக் குவியும், தோல் விலைக்குக்கூடப் போகாது. இங்கேயும் எல்லாரும் விளக்கு செய்துதான் பழகுகிறார்கள் போல, நீ அந்தக் கும்பலில் போய் நின்றிருக்கிறாய் என்றார். அவர் ஃபோனில் பேசுவதைத் தவிர வேறெதுவும் தெரியாதவர். ஆனால் ஒரே பார்வையில் அந்தச் சந்தையைப் பிடித்துவிட்டார். என் மகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

அப்படித்தான் எண்ணெய்க்கு மாறினேன். அந்த விளையாட்டில் கூட்டம் கூட்டமாக மலைக் குகைக்குள் பூதங்களோடு சண்டை போடப் போவார்கள். உள்ளே கும்மிருட்டு. விளக்கு எரிய எண்ணெய் வேண்டும், ஒரு குப்பி அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வயலில் எள்ளு மாதிரி ஒரு விதையைப் பொறுக்கி, செக்கில் போட்டு ஆட்ட வேண்டும். அந்தச் செக்கு சுற்றுகிற சத்தமும், எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் குப்பியில் விழுவதும் பார்க்க எவ்வளவு அழகு தெரியுமா? மழை பெய்கிற மத்தியானங்களில் சோற்றை வடித்துவிட்டு நான் செக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு குப்பி இருபத்து நாலு காசுக்குப் போயிற்று. விதை நானே பொறுக்கியது, அதனால் இருபத்து நாலும் லாபம் என்று கணக்குப் போட்டேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு குப்பிக்கு வேண்டிய விதையை அப்படியே விற்றாலே இருபது காசு கிடைக்கும், ஆகவே நீ ஆட்டியதற்குக் கூலி நாலு காசுதான் என்றாள். எனக்கு அது புரியவே இரண்டு நாள் ஆனது. சரி, நாலு காசு என்றாலும் நம் உழைப்பின் காசு. ஆட்டினேன்.

இனிமேல்தான் நான் செய்த காரியம் வருகிறது.

பம்பாயில் காய்கறி வண்டிக்காரர் முதல் டாக்ஸி ஓட்டுகிறவர் வரை போணி பார்க்காதவர் கிடையாது. அன்றைக்கு முதலில் வருகிறவரைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். கேட்ட விலைக்குக் கொடுத்து, அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். முதல் கை நல்லபடியாக விழுந்தால் அன்றைக்கு வியாபாரம் ஓடும். தெய்வத்தை நம்பி வியாபாரம் செய்கிற நான் மட்டும் அதை எப்படி விடுவது? ஆனால் ஃபோனில் யார் முகமும் தெரியவில்லை, யாரும் பேரம் பேசவும் இல்லை. எனவே தினமும் சாயந்திரம் ஏழு மணிக்குச் சாமிக்கு விளக்கேற்றியதும், முதல் குப்பியை எல்லாரும் விலை பார்க்கிற சந்தைப் பலகையில் பத்து காசுக்குப் போடுவேன். முருகா என்று சொல்லி முடிக்கும் முன் அது விற்றுப்போகும். ஆஹா, என்ன ராசியான கை என்று பூரித்துப்போவேன்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. எண்ணெய் விலை மட்டும் ஏனோ இறங்கிக்கொண்டே வந்தது. இருபத்திரண்டு, பத்தொன்பது, பதினாறு. அந்த விதையில் மருந்து காய்ச்சுகிறவர்களும் உண்டு, அதனால் விதை விலை இறங்கவில்லை. அதாவது ஆட்டினால் நஷ்டம். ஏலத்துக்கு இன்னும் இரண்டே வாரம். மகளுக்கு முகமே வாடிவிட்டது. ஓர் ஆபீஸ் விடுமுறை நாளில் ஃபோனும் கையுமாக உட்கார்ந்து, பழைய விற்பனை எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்தாள். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"கெடச்சிட்டான்மா. யாரோ ஒரு பைத்தியம் தினம் ஏழு மணிக்குக் கரெக்டா ஒரு பாட்டில் பத்து காசுக்குப் போடுறான். அதப் பாத்துட்டு மத்தவங்களும் ரேட்டக் கொறச்சிட்டே வர்றாங்க. பலகைல பேரு வராது, யார்னே தெரியல."

எனக்குக் கீரைத் தண்டு கையிலேயே நின்றுவிட்டது. பொய் சொல்ல எனக்கு வராது.

"அந்தப் பைத்தியம் நாந்தான் பிள்ள" என்றேன்.

போணி என்று விளக்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஏணியில் ஏறி மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். போச்சு, பிள்ளையின் வீட்டை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மேலே இருந்து ஒரு சத்தம். அழுகிறாளோ என்று பார்த்தால், தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆளெல்லாம் உன் போணியைப் பார்த்து விலையைக் குறைத்திருக்கிறானே அம்மா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுப்பில் இருந்த பருப்பு அன்றைக்குத் தீய்ந்துபோனது.

ஆனாலும் போணியை விட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பலகையில் போட்டால்தானே எல்லாருக்கும் விலை தெரியும்? சந்தை வாசலில் புதிதாக விளையாட வந்தவர்கள் காலில் செருப்புகூட இல்லாமல் நிற்பார்கள். அதில் ஒருவருக்குக் கைக்குக் கையாகக் கொடு, அவர் கொடுக்கிற காசை வாங்கிக்கொள் என்றாள். அப்படியே செய்தேன். ஒருவர் குப்பியை வாங்கிக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ எழுதினார். நன்றி அண்ணா என்று எழுதியிருக்கிறார் என்றாள் மகள். நான் அண்ணனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

விலை மட்டும் ஏறவில்லை. மகள், எண்ணெயை நிறுத்திவிட்டு விதையாகவே விற்கச் சொன்னாள். எல்லாரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். அவள் சொன்னது நியாயம். அதனால் பாதி விதையை விற்றேன். மீதியை விற்க மனசு வரவில்லை. சீசன் முடிகிற கடைசிச் சனிக்கிழமை எல்லாரும் குகைக்குப் போவார்கள் என்று அவள்தான் ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தாள். அதை நம்பித் தினமும் ஆட்டி ஆட்டிக் கிடங்கில் அடுக்கினேன். ஆயிரத்து நூறு குப்பி சேர்ந்தது. பதினாறு காசு விலைக்கு அது அத்தனையும் நஷ்டம்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மகள் பலகையைத் திறந்தாள். உடனே ஃபோனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். எண்ணெய் ஒரு குப்பிகூட இல்லை. குகை வாசலில் கூட்டம் நெரிகிறது. எண்ணெய் உண்டா, எண்ணெய் உண்டா என்று எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் விலையைக் கெடுத்துவிட்டதால் மற்றவர்களெல்லாம் செக்கை நிறுத்திவிட்டார்கள். ஆட்டி வைத்திருந்தது நான் ஒருத்திதான்.

அவள் குப்பி தொண்ணூறு காசு என்றாள். எனக்கு ஒப்பவில்லை. பண்டிகைக்கு முந்தின நாள் மாட்டுங்காவில் மல்லிகைச் சரத்துக்கு நாலு மடங்கு விலை சொல்கிற பூக்காரரை நான் ரயில் ஏறும்வரை திட்டிக்கொண்டே வருவேன். நம்மை யாரும் அப்படித் திட்ட வேண்டாம் என்றேன். எவ்வளவோ வாதாடினாள். ஐம்பதில் முடிந்தது. ஐம்பதும் இரட்டிப்பு விலைதான், நான் மறைக்கவில்லை. பிள்ளைக்கு வீடு வேண்டுமே.

ஐந்து நிமிடத்தில் அத்தனையும் போயிற்று. அதில் பாதியை ஒரே ஆள் அள்ளிக்கொண்டு போய், மறு நிமிடமே தொண்ணூறுக்குப் பலகையில் போட்டிருந்தான்.

"பாத்தியா, நீ புண்ணியம் பண்ணின, அவன் லாபம் பண்ணினான்" என்றாள் மகள்.

கையில் சேர்ந்தது ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம். இரண்டு லட்சத்துக்கு இரண்டாயிரம் குறைவு. நான் மட்டும் வீம்பு பிடிக்காமல் இருந்திருந்தால் அந்த இரண்டாயிரம் வந்திருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஐந்தரைக்கே விளக்கேற்றிவிட்டேன். இதெல்லாம் வெட்டி வேலை என்று சொல்லிக்கொண்டிருந்த வீட்டுக்காரர், டீ குடிக்கப் போகாமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வீடாகப் போயிற்று. ஐந்து லட்சம், நாலு லட்சம். பதினொன்று போய்விட்டது. கடைசி வீடு, வரிசையின் ஓரத்தில் இருப்பது, மரம்கூடக் கிடையாது. ஒருவர் ஒரு லட்சத்து எண்பது என்றார். மகள் கொஞ்சம் ஏற்றினாள். அவரும் ஏற்றினார். ஒரு லட்சத்துத் தொண்ணூற்றேழு என்று அவர் போட்டதும், மகள் இருந்த காசு அத்தனையையும் போட்டுவிட்டு ஃபோனைக் கீழே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கடிகாரம் பத்திலிருந்து இறங்கியது. நான் சஷ்டி கவசத்தை நடுவிலிருந்து எங்கேயோ சொல்லிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. யாரும் ஏற்றவில்லை.

"ஏட்டி, கண்ணத் தொறந்து பாரு, ஒம் பேருதான் போட்டிருக்கு" என்றார் அவள் அப்பா.

உள்ளே போனோம். அவளுடைய பொம்மை ஜன்னலருகே போய் நின்றது. ஏரி நேராகத் தெரியாது, கொஞ்சம் சாய்வாகத்தான் தெரியும். தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை வேறு எங்கும் போகவிடாமல் வெகுநேரம் அங்கேயே நிற்க வைத்திருந்தாள்.

பிற்பாடு அவள் கணக்குப் போட்டாள். செக்கே ஆட்டாமல் ஆறு வாரமும் விதையாகவே விற்றிருந்தால், இதே காசு பத்து நாள் முன்னாலேயே சேர்ந்திருக்குமாம். செய்து விற்பதில் லாபம் அந்த ஒரு சனிக்கிழமைக்குத்தான், மற்ற நாளெல்லாம் வெறும் உழைப்பு என்றாள். இருக்கும். அவள் பி.காம். படித்தவள். ஆனால் விதை பொறுக்குவது மட்டும்தான் வேலை என்றிருந்தால் நான் மூன்றாம் நாளே ஃபோனைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். எண்ணெய் சொட்டுவதைப் பார்க்கத்தான் நான் தினமும் உட்கார்ந்தேன்.

வீடு வாங்கினால் பால் காய்ச்ச வேண்டும். அரை லிட்டர் பாக்கெட்டை அடுப்பில் வைத்து, பக்கத்தில் ஃபோனைச் சாய்த்து வைத்து, பொங்க விட்டேன். "ஃபோனுக்குள்ள இருக்க வீட்டுக்கெல்லாமா பால் காச்சுவாவ?" என்று கேட்ட வீட்டுக்காரர்தான் முதல் தம்ளரை வாங்கிக்கொண்டார்.

எதிர்வீட்டு அக்கா வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்தார்கள். அவர்களுக்கும் ஒரு தம்ளர் கொடுத்து, மகள் வீடு வாங்கியிருக்கிறாள் என்றேன். அக்காவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். அம்பர்நாத்தா, நெருளா, பம்பாயில் எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை.

"தண்ணி எத்தன மணிக்கு வருது?" என்று கேட்டார்கள்.

மகள் ஃபோனை எடுத்து ஜன்னலைக் காட்டினாள். விஷயத்தைச் சொன்னோம். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஏரியை நன்றாகப் பார்த்தார்கள்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். வரிசைல கொடம் வைக்காண்டாம்லா" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் பால் இருந்தால் ஊற்றச் சொன்னார்கள்.