பட்டாளத்துக்கு ஓடிப் பழகிய கதை

பொன்னமராவதிப் பக்கம் என்னைப் போல அறிவாளி வேறு யாரும் கிடையாது. இளங்காளைகளை வண்டிக்குப் பழக்குவது என் பிழைப்பு. முதலில் வெறும் வண்டி, கொஞ்ச தூரம். வாயில் நுரை கண்டால் அவிழ்த்து விடுவேன்.

சண்டைக் காலம் அது. மழை பொய்த்து, வீட்டில் கஞ்சிக்கே வழியில்லை. பட்டாளத்தில் சேர வெகுதூரம் ஓட வேண்டும் என்றார்கள். நானும் என் மனைவியின் தம்பி மாணிக்கமும் ஓடிப் பழகக் கிளம்பினோம். அதுவரை நாங்கள் ஓடியது பந்திக்கு மட்டும்தான்.

“கன்னுக்குட்டியக் கொஞ்சங் கொஞ்சமாப் பழக்குறீங்க. நீங்க மட்டும் மொத நாளே அம்புட்டுத் தூரம் ஓடணுமாக்கும்?” என்றாள் மனைவி.

“நாங்க என்ன மாடா?” என்றேன்.

வெயில் ஏறியது. மாணிக்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

“மச்சான், கொஞ்சம் நிப்போமா?”

“ஏன் மாப்ளே, மாசமா இருக்கியா?”

சிரித்தான். சிரித்தபடியே என்னை முந்தி ஓடி, கண்மாய்க் கரையில் குப்புற விழுந்தான். தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், எழவில்லை; மூச்சு நின்றிருந்தது. மாடு பழக்கும் அதே வண்டியில்தான் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அக்காக்காரி முந்தானையால் அவன் வாயோரத்து நுரையைத் துடைத்தாள்.

இன்றும் ஊரைச் சிரிக்க வைக்கிறேன். மூச்சு வாங்குகிறவனிடம் மட்டும் பகடி பேசுவதில்லை.