மூடி திறக்கிற கை

ஓவ் மெய்ஜெனுக்குக் கை சும்மா இருக்காது. மண்சட்டியில் சோறு வைத்தால் வெந்ததா வெந்ததா என்று மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். ஆவி போய் அரிசி விறைத்துவிடும். மண்சட்டிச் சோற்றுக்குப் பேர்போன குவாங்ஜோவில் பிறந்தும் அதை வைக்கத் தெரியாதவள் என்று புகுந்த வீட்டில் பெயர் வாங்கியாயிற்று. அதற்கெல்லாம் அவள் வருத்தப்பட்டதில்லை.

வருத்தம் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. இரிடியம் என்ற உலோகத்தை வைத்து அவள் பல வருஷம் பாடுபட்டு ஒரு மருந்து செய்திருந்தாள். இருட்டில் அது பரம சாதுவாக இருக்க வேண்டும். நீல விளக்கைக் காட்டினால்தான் புற்றுநோய் செல்களைக் கொல்ல வேண்டும். செல் வளர்க்கும் இரண்டு தட்டுகளில் மருந்தை விட்டு, ஒன்றுக்கு விளக்கு காட்டுவாள். இன்னொன்றை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வைப்பாள். ஒவ்வொரு முறையும் இருட்டுத் தட்டும் செத்துப்போயிற்று. வெளிச்சமே இல்லாமல் கொன்றால் அது வெறும் விஷம்தானே.

“கடைசியா ஒரு தடவை பாரு. அப்பவும் செத்தா மூட்டை கட்டிரு,” என்று பேராசிரியர் லியாங் சொல்லிவிட்டார்.

அன்று மாலை, கூட வேலை பார்க்கும் குவாங் வென்பின் பேச்சுவாக்கில் கேட்டான். “அக்கா, காலையில மைக்ராஸ்கோப்புல என்ன பாத்துட்டிருந்தீங்க?”

“இருட்டுத் தட்டைத்தான். பாழாப்போனது உசிரோட இருக்கான்னு தெனமும் பிரிச்சுப் பாத்துட்டு, திரும்பச் சுத்தி வெச்சிருவேன்.”

வென்பின் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டான். “மைக்ராஸ்கோப்புக்குள்ள என்னக்கா எரியுது?”

விளக்கு. அதன் வெள்ளை வெளிச்சத்தில் நீலமும் உண்டு. மெய்ஜென் தலையில் அடித்துக்கொண்டாள். “சோத்துச் சட்டியத் தொறக்குற அதே கை.”

அடுத்த முறை இருட்டுத் தட்டைச் சுற்றி அவனிடமே கொடுத்தாள். “பூட்டி வை. நான் கெஞ்சினாலும் தராதே.” கெஞ்சத்தான் செய்தாள். அவன் மசியவில்லை.

தாளைப் பிரிக்கும் நாளில் லியாங்கே குனிந்து பார்த்தார். விளக்குக் காட்டிய தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. இருட்டுத் தட்டில் செல்கள் அடியில் ஒட்டிக்கொண்டு திடமாக இருந்தன. மெய்ஜெனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

“புத்துநோய் செல் பொழைச்சதுக்குச் சந்தோசத்துல அழுவுற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்,” என்றார் லியாங்.

வீட்டில் அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. புருஷன் ஹாவ்ரன் சந்தேகத்தோடு எட்டிப் பார்த்தான். “என்ன, இன்னும் தொறந்து பாக்கலையா? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“அதுபாட்டுக்கு வேகட்டும்.”

சோற்றின் அடியில் அன்று, மண்சட்டிச் சோற்றுக்கே ருசி தரும் மொறுமொறு பற்று பொன்னிறமாகப் பிடித்திருந்தது. மெய்ஜென் அவனுக்குக்கூட மிச்சம் வைக்காமல் சுரண்டித் தின்றாள்.