அவள் நீட்டிய மரக்கரண்டி

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரத்தில் நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தது அறுபதுகளின் கடைசியில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மட்டும் நானூறு வருஷம் பின்னால் போய்விடுவேன். டிராமில் நாலாவது நிறுத்தம், மூன்றாவது மாடி, ஒரு சின்ன சமையலறை. பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண் அங்கே குடியிருந்தாள். பழைய காலத்துக் கோட்டை ஒன்றின் அடுக்களையைப் பற்றி நாவல் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரு பிடிவாதம். சமைத்துப் பார்க்காத எதையும் எழுதமாட்டாள். நூலகத்தில் இருந்த பழைய சமையல் ஏடு ஒன்றிலிருந்து குறிப்புகளைப் பென்சிலால் எடுத்து வந்து ஞாயிறுதோறும் ஒன்றைச் சமைப்பாள். ஒரு நாள் புத்தகம் எடுக்கப் போன என்னிடம், "நீள மிளகுன்னா என்ன, உங்களுக்குத் தெரியுமா? எந்தக் கடையிலயும் இல்ல" என்று ஜெர்மனில் கேட்டாள். அவள் காட்டிய படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். திப்பிலி. சளி பிடித்தால் போட்டுக்கொள் என்று அம்மா கட்டிக் கொடுத்த பொட்டலம் என் பெட்டியில் பிரிக்காமல் கிடந்தது. அந்தப் பொட்டலத்தோடுதான் முதல் ஞாயிறு போனேன்.

அன்று பேரிக்காயை ஒயினில் வேகவைத்துத் திப்பிலியை இடித்துப் போட்டாள். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் பேரிக்காய் இருந்தது, ஒயின் இல்லை. அடுத்த வாரம் விரத நாள் சமையல். அந்தக் காலத்தில் விரதத்துக்குப் பால் ஆகாதாம். பாதாமை அரைத்துப் பாலெடுத்து, அரிசியும் சர்க்கரையும் போட்டுக் கிண்டினாள். "இது எங்க ஊர்ப் பாயசம்" என்றேன். அவள் நம்பவில்லை. ஏலக்காய் இல்லாதது ஒன்றுதான் குறை.

கிண்டிக்கொண்டே கதை சொல்வாள். ஜன்னலில் ஆவி படிந்து வெளியே தெரு மறைந்துவிடும். டிராம் மணிச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்கும். கோட்டை அடுக்களையில் ஒரு பணிப்பெண். வெனிஸ் வணிகனின் மிளகு மூட்டைகளோடு வந்த ஓர் அயல்நாட்டான். அவனுக்காக அவள் எஜமானரின் பலகாரத்தில் ஒரு துண்டை ஒளித்து வைக்கிறாள். அது அந்த இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். கேட்டுக்கொண்டிருந்தால் நான் உட்கார்ந்திருப்பது முக்காலியிலா மிளகு மூட்டையிலா என்றே சில சமயம் தெரியாது. முதலில் அவனை அரபுக்காரனாக வைத்திருந்தாள். நாலாவது ஞாயிற்றுக்குள் அவன் ஒல்லியாகி, கறுத்து, என்னைப் போலவே தலையைச் சாய்த்துப் பேச ஆரம்பித்துவிட்டான். நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே தித்தித்தது.

பனி விழுந்த ஒரு ஞாயிறு, குங்குமப்பூ போட்ட ஆப்பிள் கூழை மரக்கரண்டியில் எடுத்து ருசி பார்த்தாள். கண்ணை மூடி ரசித்தாள். அதே கரண்டியைத் திரும்பக் கூழில் முக்கி என் வாய்க்கு நேரே நீட்டினாள். நான் ஓரடி பின்வாங்கினேன். என் கை தானாக உயர்ந்து தடுத்தது.

எங்கள் வீட்டில் சமைக்கிறவர்கள் ருசி பார்க்கமாட்டார்கள். உப்பு கண்ணளவுதான். வாயில் பட்ட கரண்டி பாத்திரத்துக்குத் திரும்பாது. தண்ணீரைக்கூட அண்ணாந்துதான் குடிப்போம். இதையெல்லாம் அவளிடம் திக்கித் திக்கிச் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. பிறகு நோட்டை எடுத்து, ஒன்று விடாமல் கவனமாக எழுதிக்கொண்டாள்.

மார்ச்சில் என் உதவித்தொகை முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அவள் மனம் தெரிந்தால் இருந்துவிடுவேன். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். என் ஆசைக்கு வெட்கம் ஒன்றுதான் தெரிந்திருந்தது. அதனால் வாயால் சொல்லாமல், அடுத்த ஞாயிறு அந்தக் கரண்டியில் வாங்கிச் சாப்பிட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

என் அறையில் கூட இருந்த மதுரைக்காரன் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் கரண்டியைக் கேட்டேன்.

"வாஷ் பண்ணி எடுத்துக்கடா."

"வேண்டாம், அப்படியே குடு."

கண்ணை மூடி ஒரு வாய் விழுங்கினேன். உயிர் போகவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவன் தலையில் அடித்துக்கொண்டான். "இதுக்கெல்லாம் யாராவது ப்ராக்டிஸ் பண்ணுவானா? நேராப் போய்ச் சொல்லித் தொலையேன்."

ஞாயிறு போனேன். அடுப்புப் பக்கத்தில் ஒரு தட்டு, அதன்மேல் புத்தம் புதிய கரண்டி ஒன்று. "இது உங்களுக்குன்னு தனியா வாங்கினேன். இனிமே சங்கடம் இல்ல" என்றாள். தன் கரண்டியில் ருசி பார்த்தாள். எனக்குப் பரிமாற மூன்றாவதாக ஒரு கரண்டியால் பாத்திரத்திலிருந்து எடுத்து, எதிலும் படாமல் அந்தத் தட்டில் விட்டாள். எத்தனை மரியாதை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். உங்கள் கரண்டியிலேயே கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நன்றி என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் புதுக் கரண்டி எனக்காகக் காத்திருந்தது. எனக்கு அதைப் பார்த்தாலே அழுகை வரும்.

பிப்ரவரி கடைசியில் முடிவு அத்தியாயத்தை வாசித்துக் காட்டினாள். அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. கதையில் வணிகனின் வண்டி புறப்படுகிறது. பணிப்பெண் அடுக்களை வாசலில் நிற்கிறாள். மிளகுக்காரன் ஏறினானா, நின்றுவிட்டானா என்ற இடத்தில் தாள் காலியாக இருந்தது.

"அவன் போய்த்தான் ஆகணுமா?" என்றாள். தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

அத்தனை வாரமும் நான் காத்திருந்தது இதற்குத்தான். வந்ததும் பயந்துவிட்டேன். அப்பா, அம்மா, ஊர் வாய் எல்லாம் ஒரே நேரத்தில் அந்தச் சின்ன அறைக்குள் வந்து நின்றன.

"கதைக்கு அதுதான் சரி" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பென்சிலை எடுத்து இரண்டு வரி எழுதி, தாளைக் கவிழ்த்து வைத்தாள். அவள் கேட்டது கதையைப் பற்றி இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.